யூடோரா வெல்ட்டியைப் பற்றி 40 நிமிடம் பேச வேண்டும்: எங்கே தொடங்குவது?

திண்ணைவாசி (கேள்வி)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் நகைச்சுவை எழுத்தாளர்கள் வரிசை ஓடுகிறது. அமெரிக்கத் தென்மாநில எழுத்தாளர் யூடோரா வெல்ட்டி என் பங்குக்கு வந்திருக்கிறார். நேரம் 40 நிமிடம். அதற்குள் ஒரு கதையிலிருந்து கொஞ்சம் வாசித்தும் காட்ட வேண்டும்.

கிடைத்த குறிப்புகள் எல்லாம் ஒரே பல்லவி பாடுகின்றன. மிஸ்ஸிசிப்பி மாநிலத்தின் ஜாக்ஸன் ஊரில் பிறந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தார், தோட்டம் போட்டார், கதை எழுதினார், அதே ஊரில் 92 வயதில் இறந்தார். இதை வைத்து ஐந்து நிமிடம்கூட ஓட்ட முடியாது. அவர் எப்படி வேலை செய்தார், பிழைப்புக்கு என்ன செய்தார், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் சொல்ல வேண்டும். ‘வை ஐ லிவ் அட் த பி.ஓ.’ (நான் ஏன் தபாலாபீசில் வசிக்கிறேன்) கதையை வாசிக்கலாம் என்று இருக்கிறேன், ஆனால் நம்மூர் ஆட்களுக்கு எடுபடுமா என்று சந்தேகம். இன்னொன்று: யூடோரா மின்னஞ்சல் மென்பொருளுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்களாமே, உண்மையா கட்டுக்கதையா?

பழுப்புத்தாள்

முதலில் அந்த ‘வீட்டை விட்டு நகராத அத்தை’ படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். பிறப்பும் இறப்பும் ஜாக்ஸனில்தான்: 1909 ஏப்ரல் 13, 2001 ஜூலை 23. பைன்ஹர்ஸ்ட் தெரு 1119 என்ற வீட்டுக்கு 1925இல் குடும்பம் குடிபோனது, கடைசி வரை அதுதான் முகவரி. அது சரி. ஆனால் இடையில் மிஸ்ஸிசிப்பி மாநிலப் பெண்கள் கல்லூரியில் இரண்டு வருடம், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் (1929இல் பட்டம்), பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் விளம்பரத் துறைப் படிப்பு. 1944 கோடையில் நியூயார்க் டைம்ஸ் புத்தக மதிப்புரைப் பகுதியில் வேலை. 1947இல் சான் பிரான்சிஸ்கோவில் சில மாதங்கள். 1949, 50இல் கக்கன்ஹைம் நல்கையோடு ஐரோப்பா. ஊரைவிட்டுப் போகத் தெரியாதவர் இல்லை, போய்ப் போய்த் திரும்பி வந்தவர்.

பெற்றோரைப் பற்றி ஒரு விஷயம் பேச்சில் சேருங்கள். அப்பா ஒஹாயோக்காரர், அம்மா மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்துப் பள்ளி ஆசிரியை. அதாவது ஜாக்ஸன் பேச்சு அந்த வீட்டின் தாய்ப்பேச்சு இல்லை. வெல்ட்டி அதைத் தெருவிலும் பக்கத்து வீடுகளிலும் கேட்டுக் கேட்டுப் பிடித்தார். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை கார் சவாரி போகும்போது அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வண்டி கிளம்பியதும் ‘இனிப் பேசுங்க’ என்பாராம். அவருடைய கலைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

அம்மா செஸ்டினாவும் லேசுப்பட்டவர் இல்லை. வீடு தீப்பிடித்தபோது ஊன்றுகோலோடு உள்ளே போய், தன் டிக்கன்ஸ் தொகுதிகள் இருபத்து நான்கையும் ஜன்னல் வழியாக வெளியே வீசியவர். மகள் எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம் என்று நூலகருக்கு அனுமதி சொல்லிவைத்துவிட்டு, ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும் தடை போட்டார். அதில் பியானோ பழகும் சிறுமி மயங்கி இருக்கையிலிருந்து விழுகிறாளாம். இவள் படித்தால் இவளும் உடனே விழுந்து பார்ப்பாள் என்று பயம். இப்படி ஒரு தாய் இருந்தால் நகைச்சுவைக்கு வெளியே அலைய வேண்டியதில்லை.

பிழைப்புக்கு வருவோம். அப்பா கிறிஸ்டியன் வெல்ட்டி லாமர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். எழுத்தை நம்பிச் சோறு கிடைக்காது, கையில் ஒரு தொழில் வேண்டும் என்றார். அதனால்தான் விளம்பரப் படிப்பு. 1931இல் அவர் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் மகள் ஊர் திரும்பினார். உள்ளூர் வானொலி நிலையத்தில் வேலை, மெம்ஃபிஸ் நாளிதழ் ஒன்றுக்கு ஜாக்ஸன் விருந்து விசேஷச் செய்திகள், பிறகு ரூஸ்வெல்ட் அரசின் வேலைத்திட்டமான டபிள்யூ.பி.ஏ.வில் இளநிலை விளம்பர முகவர். இந்தக் கடைசி வேலைதான் அவரை மிஸ்ஸிசிப்பியின் 82 மாவட்டங்களிலும் சுற்றவைத்தது. எங்கே சாலை போட்டார்கள், எங்கே விமானத்தளம் வருகிறது என்று செய்தி எழுதும் வேலை. கூடவே தன் விருப்பத்துக்குப் படம் எடுத்தார்.

கேமரா விஷயத்தைத் தவறவிடாதீர்கள். மடக்குத் துருத்தி வைத்த கோடாக்கில் தொடங்கி ரோலிஃபிளெக்ஸ் வரை வந்தார். படங்களை ராத்திரியில் வீட்டுச் சமையலறையிலேயே கழுவி அச்சிட்டார். நெடுஞ்சாலைத் துறை கழித்துப்போட்ட, படத்தைப் பெரிதாக்கும் ஒரு என்லார்ஜர் கையில் இருந்தது. 1936இல் நியூயார்க்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களின் காட்சிக்கூடத்தில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அதே வருடம்தான் முதல் கதை ‘டெத் ஆஃப் எ டிராவலிங் சேல்ஸ்மேன்’ ஒஹாயோவிலிருந்து வந்த ‘மானுஸ்கிரிப்ட்’ என்ற சிற்றிதழில் அச்சானது. 1950இல் பாரிஸ் மெட்ரோ இருக்கையில் ரோலிஃபிளெக்ஸை மறந்து வைத்துவிட்டு வந்தார். தன்மேல் வந்த கோபத்தில் வேறு கேமரா வாங்கவே இல்லை. தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை! புகைப்படத் தொகுப்பு புத்தகமாக வர 1971 ஆயிற்று.

குறுக்கெழுத்து

மென்பொருள் கேள்விக்கு மட்டும் பதில். உண்மைதான். 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் அந்த மின்னஞ்சல் நிரலை எழுதினார். ராப்பகலாக அஞ்சல் நிரலோடு உட்கார்ந்திருந்தவருக்குத் தானும் தபாலாபீசிலேயே குடியிருப்பதுபோல் தோன்றியிருக்கிறது, அந்தக் கதை ஞாபகம் வந்து ஆசிரியர் பெயரையே வைத்துவிட்டார். பிறகு குவால்காம் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரைக் கேட்காமல் வைத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று டார்னருக்குப் பின்னால் உறுத்தல் இருந்தது. வெல்ட்டி கோபப்படவில்லை, ரசித்தார் என்றுதான் பதிவு. 2018இல் அதன் மூலநிரலை கலிஃபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் பொதுவில் வெளியிட்டது. பேச்சை இதிலிருந்து தொடங்கினால் தொண்ணூறுகளில் மின்னஞ்சல் பார்த்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நிறையப் பேர் இங்கேயே மாட்டிக்கொண்டு கதைக்குள் போவதே இல்லை.

ஒட்டுக்கேட்பவன்

‘பி.ஓ.’ எடுபடுமா என்றால், தாராளமாக. கூட்டுக்குடும்பச் சண்டை தெரிந்த எவருக்கும் அந்தக் கதை அந்நியமாகாது. ஆனால் எப்படி வாசிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

கதை இதுதான். சைனா குரோவ் என்ற குட்டி ஊர். அக்கா, பெயர் கிடையாது, வீட்டில் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். அவள் அந்த ஊர்த் தபாலாபீஸ் பொறுப்பாளர். தங்கை ஸ்டெல்லா-ரோண்டோ புருஷனை விட்டுவிட்டு அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 அன்று வீட்டுக்கு வந்து நிற்கிறாள், கூடவே இரண்டு வயதுக் குழந்தை. தத்தெடுத்தது என்கிறாள். அன்று இரவுக்குள் தாத்தா, மாமா, அம்மா என்று ஒவ்வொருவராக அக்காவுக்கு எதிராகத் திரும்புகிறார்கள். அக்கா தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்கே குடிபோய்விடுகிறாள். மொத்தக் கதையும் அவள் வாய்மொழி.

சிரிப்பு வரும் வழி மூன்று. முதலாவது, சாமான்கள். அவள் எடுத்துப்போகும் பொருள்களை வெல்ட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வைக்கிறார்: ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் செருகியைப் பிடுங்குகிறாள், தாத்தா முதுகுக்குப் பின்னால் இருக்கும் தலையணையை உருவுகிறாள், யுகுலேலே, வெப்பமானி, தையல் மெஷினின் மோட்டார், தர்பூசணித் தோல் ஊறுகாய் வரைக்கும். இந்தப் பட்டியலைச் சுருக்கினால் கதை செத்தது. எப்போதும் நடக்கும் முதல் தப்பு இது: மேடையில் வாசிப்பவர்கள் ‘வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு’ என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு பழைய கணக்குத் தீர்ப்பது என்பது அதில் போய்விடும். அடுப்படியில்கூட எண்ணிக்கைதான் வேலை செய்கிறது. இரண்டு கோழியை ஐந்து பேருக்குப் பங்கு வைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குழந்தை வேறு வந்து சேர்கிறது. அக்காவின் மொத்த மனக்குறையும் அந்தக் கணக்கில் அடங்கிவிட்டது.

இரண்டாவது, கோள். மாமா ரோண்டோ ஒவ்வொரு ஜூலை 4க்கும் ஒரு புட்டி மருந்தைக் குடித்துவிட்டு மயக்கத்தில் திரிபவர், தங்கையின் கிமோனோவை உடுத்திக்கொண்டு வெளியே நடக்கிறார். ஜன்னலில் பார்த்து ‘கோமாளி மாதிரி இருக்கார்’ என்று சொன்னது தங்கை. சாப்பாட்டு மேசையில் அதையே அக்கா சொன்னதாகப் போட்டுக்கொடுப்பதும் தங்கை. தாத்தா தாடியை எடுக்க வேண்டும் என்று அக்கா சொன்னதாகக் கோள் மூட்டுவதும் இதே கதைதான். மறுநாள் காலை 6:30க்கு மாமா ஒரு கட்டு ஒரு அங்குலப் பட்டாசை அக்கா தூங்கும் அறைக்குள் எறிகிறார். வாசிக்கும்போது யார் சொன்னது, யார் திரித்தது என்ற இழையைக் கேட்பவர் விட்டுவிடக் கூடாது. அதனால் ‘என்றாள்’, ‘என்கிறாள்’ எல்லாவற்றையும் விடாமல் வாசியுங்கள். ஆங்கிலத்தில் அவை சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும், அந்தச் சலிப்பும் தாளத்தின் ஒரு பகுதி.

மூன்றாவதுதான் முக்கியம். அக்கா சொல்வதை நம்புவதா? பாதி வரை எல்லோரும் அவள் பக்கம். ஊன்றிப் பார்த்தால், சண்டைக்கு எண்ணெய் ஊற்றுவதில் அவளும் குறைந்தவள் இல்லை. அந்தக் குழந்தை தத்துப்பிள்ளை அல்ல, தங்கை பெற்றதே என்று காட்டுவதற்கு அவள் படும் பாட்டைப் பாருங்கள். கடைசியில் அவள் நிம்மதியாக இருப்பதாகச் சொல்லும்போது ஊரில் தபாலே அதிகம் இல்லை. வீட்டார் கடிதத்தையே ஒதுக்கிவிட்டார்கள். தபால் அவ்வளவாக வராத தபாலாபீசில் குடியிருக்கிறாள்.

முதல் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய எழுத்தாளர் கேத்தரின் ஆன் போர்ட்டர் இந்தப் பெண்ணை மனநோய்க்காரியாகப் பார்த்தார். வெல்ட்டி அப்படி நினைக்கவில்லை. சின்ன ஊர்களில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் குடும்பச் சண்டையையே நாடகமாக்கி வாழ்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். நீங்களும் அவளைப் பைத்தியமாக வாசித்துவிடாதீர்கள். குரலை உயர்த்தவே கூடாது. தன் பக்கம் நியாயம் இருப்பதாக முழுக்க நம்பும் ஒருத்தி, கடை வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் சொல்கிற நிதானம் வேண்டும். கதையின் வித்துகூட அப்படி ஒரு சாதாரணக் காட்சிதான்: ஒரு சின்னத் தபாலாபீசின் பின்புறத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்.

நூலகப்பூனை

மேலே உள்ளவை எல்லாம் சரி. விட்டுப்போன இரண்டைச் சேர்க்கிறேன்.

அந்தச் சாமான்களை வண்டியில் ஏற்றி இழுத்துப் போவது யார்? ஒரு கறுப்பினச் சிறுமி. ஒன்பது நடை. முடிந்ததும் மாமா வாசலில் வந்து ஐந்து சென்ட் காசை எறிகிறார். அக்கா அந்தச் சிறுமியைக் குறிப்பிடும் சொல் இன்று மேடையில் உச்சரிக்க முடியாதது. தமிழில் வாசிக்கும்போது அதை இனிமையான சொல்லாக மாற்றினால் அக்காவை நல்லவளாக்கிவிடுகிறீர்கள். முழு வாக்கியத்தையும் வெட்டினால் குடும்பமே எதைக் கவனிக்காமல் வாழ்கிறது என்பது போய்விடுகிறது. ‘கறுப்பினச் சிறுமி’ என்று வாசித்துவிட்டு, மூலத்தில் வசைச்சொல் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிடுவது நேர்மை. வெல்ட்டி வெள்ளையர் வாழ்க்கையை அழகுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டு 1946இல் ‘டெல்டா வெட்டிங்’ நாவல் வந்த காலத்திலிருந்தே உண்டு, அந்த நாவலைப் பொறுத்தவரை அதில் நியாயமும் உண்டு. கேள்வி நேரத்தில் யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள்.

தயாராவதற்குச் சரியான கதை ‘வேர் இஸ் த வாய்ஸ் கமிங் ஃப்ரம்?’. 1963 ஜூன் 12 நள்ளிரவு கடந்த நேரத்தில் ஜாக்ஸனில், கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். செய்தி வந்ததும் வெல்ட்டி உட்கார்ந்து எழுதினார். சொல்பவன் கொலைகாரன். வெள்ளையன், தன்மை ஒருமையில் பேசுகிறான். நியூயார்க்கர் இதழ் ஜூலை 6 தேதியிட்ட இதழில் போட்டது. அச்சுக்குப் போவதற்குள் பைரன் டி லா பெக்வித் என்பவன் கொலைக் குற்றச்சாட்டில் கைதாகிவிட, கதையில் இருந்த சில விவரங்கள் உண்மைக்கு மிக நெருக்கமாக இருந்தன. வழக்கைப் பாதிக்கக் கூடாதென்று அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. ஊருக்குத் தெர்மோபிலே என்று பெயர் கொடுத்தார். பெக்வித் தண்டிக்கப்பட 1994 ஆயிற்று.

இதை ஏன் நகைச்சுவைப் பேச்சில் இழுக்கிறேன் என்றால், உத்தி அதேதான். தன் பக்கம் நியாயம் என்று நம்பும் ஒரு குரல், தடையில்லாமல் ஓடும் பேச்சு, பக்கத்தில் கிடக்கும் பொருள்களின் துல்லியம். அக்காவின் வாயில் அது சிரிப்பு, இவன் வாயில் அது நடுக்கம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பத்தி அடுத்தடுத்து வாசித்தால் உங்கள் பேச்சுக்கு வேறு முதுகெலும்பு தேவையில்லை. வெல்ட்டி தானே ஒரு குறை ஒப்புக்கொண்டார்: கொலைகாரனின் மனத்தைப் பிடித்துவிட்டேன், வர்க்கத்தைத் தவறவிட்டேன் என்று. கதையில் அவன் ஏழை. பெக்வித் மிஸ்ஸிசிப்பியின் டெல்டா பகுதியில் பெயர்பெற்ற பழைய குடும்பத்தவர்.

இனி ஊசி. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெல்ட்டி தட்டச்சு செய்த பக்கங்களைக் கத்திரிக்கோலால் பத்தி பத்தியாக, சில இடத்தில் வரி வரியாக வெட்டி, கட்டிலிலோ சாப்பாட்டு மேசையிலோ பரப்பி, வரிசை மாற்றி, தையல்காரர் குண்டூசியால் தாளோடு தாளாகக் குத்தி வைப்பார். முன்பு பசையால் ஒட்டி நீளச் சுருளாக வைத்துப் பார்த்தார். அதில் சிக்கல், ஒட்டியதைப் பிரித்தால் கிழியும். ஊசி என்றால் உருவி வேறு இடத்தில் குத்தலாம். பத்தாம் பக்கத்துக்கென்று வைத்திருந்த ஒன்று இரண்டாம் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பது இப்படிப் பரப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும் என்பார். ‘த பாண்டர் ஹார்ட்’ குறுநாவலுக்குக் குண்டூசி பத்தாமல் தொப்பி ஊசி, பூச்செண்டு ஊசி, தையல் ஊசி எல்லாம் போயிற்றாம். சுத்தப்பிரதி அடித்து முடித்தபோது தொடங்கியதைவிட அதிக ஊசி கையில் இருந்தது என்று 1972இல் பாரிஸ் ரிவ்யூ நேர்காணலில் சொன்னார். தங்கு தடையில்லாமல் வாய் ஓடுவதுபோல் இருக்கும் அந்தப் பேச்சு மொத்தமும் வெட்டிக் குத்தியது.

(விளம்பரத் தொழிலை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, தேவையில்லாததை வாங்கச் சொல்லி மனிதர்களை ஊசியால் குத்துவது போலிருந்தது என்றார். ஊசியைத் தாளுக்கு மாற்றிக்கொண்டார் போல.)

பழுப்புத்தாள்

பூனை சொன்னதோடு எரித்த கதையையும் சேர்க்கலாம். அழகு நிலையத்தில் பெண்கள் முடி சுருட்டிக்கொண்டே வம்பு பேசும் ‘பெட்ரிஃபைடு மேன்’. பல இதழ்கள் திருப்பின, லூசியானாவிலிருந்து வந்த ‘சதர்ன் ரிவ்யூ’ உட்பட. வெறுத்துப்போய் அடுப்பில் போட்டுவிட்டார். அப்புறம் அதே ‘சதர்ன் ரிவ்யூ’ மனம் மாறி, அந்தக் கதையை மறுபடி அனுப்புங்கள் என்றது. பிரதி கிடையாது. முழுக்க நினைவிலிருந்தே மறுபடி எழுதி அனுப்பினார், 1939இல் வந்தது. ஏறக்குறைய எல்லாம் உரையாடல் என்பதால் காதில் இருந்ததை அப்படியே இறக்க முடிந்தது.

சம்பாத்தியப் பாதை தெரிய டயர்மிட் ரஸ்ஸலைச் சொல்ல வேண்டும். அயர்லாந்துக் கவிஞர் ‘ஏ.இ.’யின் மகன். 1940இல் புதிதாக இலக்கிய முகமை தொடங்கி, வெல்ட்டிக்குக் கடிதம் போட்டார். முகவர் என்பவன் ஒட்டுண்ணி, ஆனால் கொஞ்சம் நல்ல ஒட்டுண்ணி என்று தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்ட கடிதம். வெல்ட்டி உடனே சம்மதித்தார். அதுவரை சிற்றிதழ்களில் காசில்லாமல் அல்லது கால் காசுக்கு வந்த கதைகள், 1941இல் அட்லாண்டிக் இதழில் வரிசையாக வந்தன: பிப்ரவரியில் ‘எ வோர்ன் பாத்’, ஏப்ரலில் ‘பி.ஓ.’, ஜூனில் ‘பவர்ஹவுஸ்’. அந்த ஆண்டு இறுதியில் 17 கதைகளோடு ‘எ கர்ட்டன் ஆஃப் க்ரீன்’ தொகுப்பு. முன்னுரை தருவதாகச் சொன்ன போர்ட்டர் இழுத்தடித்ததால் புத்தகமே தள்ளிப்போனது.

‘த பாண்டர் ஹார்ட்’ 1953 டிசம்பரில் நியூயார்க்கரில் முழுதாக வந்து, 1954இல் புத்தகமானது. கையில் கிடைப்பதையெல்லாம் தானம் செய்துவிடும் டேனியல் மாமா, கிச்சுக்கிச்சு மூட்டி மனைவி இறந்துபோக, கொலை வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே பணத்தை அள்ளிக் கொடுக்கிறார். சொல்வது அவருடைய உடன்பிறந்தவரின் மகள் எட்னா எர்ல், ஹோட்டல் நடத்துபவள். 1956இல் பிராட்வே நாடகமாயிற்று.

அதற்குப் பின் ஒரு நீண்ட இடைவெளி. 1955க்கும் 1970க்கும் நடுவில் பெரியவர்களுக்கான புனைவுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. காரணம் சோம்பலும் இல்லை, வறட்சியும் இல்லை. அம்மாவின் நோய், தம்பி வால்டரின் மரணம் (1959), 1966 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் அம்மாவும் இன்னொரு தம்பி எட்வர்டும் போனது. அந்தப் பராமரிப்புக்கு நடுவே துண்டு துண்டாகச் சேர்த்ததுதான் 1970இல் வந்த ‘லூசிங் பேட்டில்ஸ்’, தொண்ணூறு வயதுப் பாட்டியின் பிறந்தநாளுக்குக் கூடும் குடும்பம், கிட்டத்தட்ட முழுவதும் பேச்சு. 1972இல் ‘தி ஆப்டிமிஸ்ட்ஸ் டாட்டர்’, அதற்கு 1973 புலிட்சர் பரிசு. அது சிரிக்கவைக்கும் புத்தகம் அல்ல, ஆனாலும் சாவு வீட்டுக் காட்சியில் உறவுக்காரர்கள் பேசுகிற பேச்சைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

திண்ணைவாசி

அனைவருக்கும் நன்றி, கனத்த சரக்கு. கடைசியாக ஒன்று: நேரம் எப்படிப் பிரிப்பது? ‘பி.ஓ.’வை முழுதாக வாசிக்க ஆசை. ‘வோர்ன் பாத்’ வேண்டாமா? எல்லோரும் அதைத்தான் பாடப்புத்தகத்தில் படித்ததாகச் சொல்கிறார்கள்.

ஒட்டுக்கேட்பவன்

முழுதாக வேண்டாம். ‘பி.ஓ.’ சத்தமாக வாசித்தால் அரை மணியைத் தொட்டுவிடும், அப்புறம் பேச எதுவும் மிஞ்சாது. மூன்று துண்டு எடுங்கள்: தங்கை வந்து இறங்கும் தொடக்கம், தாடிச் சண்டை, சாமான் எடுக்கும் கடைசிப் பகுதி. துண்டுக்கு நான்கு நிமிடம், இடையே கதைச் சுருக்கம் இரண்டு வரி. ஆக 14 நிமிடம். பூனை சொன்ன மற்றக் கதையிலிருந்து மூன்று நிமிடம். வாழ்க்கைக்கு 12, ஊசியும் கத்திரிக்கோலுமாக 5. மீதி கேள்விகளுக்கு.

வெல்ட்டியே ‘பி.ஓ.’வை வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது, 1950களில் கேட்மன் நிறுவனம் வெளியிட்டது. பேச்சுக்கு முன்தினம் ஒரு தடவை கேளுங்கள். சிரிப்பு வரும் இடத்தில் அவர் நிறுத்துவதே இல்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

‘வோர்ன் பாத்’ அருமையான கதை. பேரனுக்கு மருந்து வாங்க நடந்தே நகரம் போகும் ஃபீனிக்ஸ் ஜாக்ஸன் கிழவியின் கதை. ஆனால் உங்கள் தலைப்புக்கு அது ஒத்துவராது. கேள்வி நேரத்தில் ‘அந்தப் பேரன் உயிரோடுதான் இருக்கிறானா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வாசகர்கள் அதைக் கேட்டுக்கேட்டு எழுதியதற்கு வெல்ட்டி ஒரு கட்டுரையே எழுதிப் பதில் சொன்னார்: கிழவி நடப்பதுதான் கதை, பேரன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் நடப்பாள் என்று.

நூலகப்பூனை

பெயர் உச்சரிப்பு: ‘யுடோரா’ இல்லை, ‘யூ’வில் அழுத்தம் தராதீர்கள், ‘டோ’வில் தர வேண்டும். குடும்பப்பெயர் ‘வெல்ட்டி’. சுவரொட்டியில் ‘வெல்டி’ என்று போட்டுவிட்டால் பிறகு தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது, இரண்டு எழுத்துமுறையையும் போட்டுவிடுங்கள்.

படம் காட்ட வசதி இருந்தால் பைன்ஹர்ஸ்ட் வீட்டின் உள்புறப் படங்களைத் தேடி வையுங்கள். 1986இல் மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்தார், தான் இருக்கும்வரை குடியிருக்கும் உரிமையோடு. 2006இலிருந்து அருங்காட்சியகம். சோபா, நாற்காலி, மேசை எல்லாவற்றிலும் புத்தகம் குவிந்து கிடப்பதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் முதலில் ஒரு நாற்காலியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.